தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்: எப்போதும் நாமே சரி என்று நிற்கும் பழக்கம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் குன்னூர் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆசிரியை. மூன்று வருஷத்துக்கு முன்னால் பெற்றோர் கூட்டம் ஒன்றில், வீட்டில் வாயைத் திறக்கப் பயந்து வளர்கிற பிள்ளைகள் பெரியவர்களான பிறகு எப்படி ஆகிறார்கள் என்று என் கதையையே கொஞ்சம் சொன்னேன். பத்து நிமிஷப் பேச்சுதான். கூட்டம் முடிந்ததும் மைதானத்தில் நாலைந்து பேர் எனக்காகக் காத்திருந்தார்கள். அதற்கப்புறம் பஸ் ஸ்டாண்டில், மார்க்கெட்டில், கல்யாண வீட்டில் என்று கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. திரும்பத் திரும்ப வருகிறவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். நான் மனநல மருத்துவர் இல்லை. படித்தது கொஞ்சம், பட்டது நிறைய.

எப்போதும் சரியாக இருக்க நினைப்பதில் என்ன தப்பு? நல்ல குணம்தானே?

நல்ல குணம்தான். கணக்கு சரியாக வர வேண்டும், மருந்து அளவு சரியாக இருக்க வேண்டும், பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது சரியாக இருக்க வேண்டும். நான் சொல்வது அதை இல்லை. போன தீபாவளிக்கு எந்த மாமா முதலில் வந்தார், பால்காரருக்குப் பணம் கொடுத்தது செவ்வாயா புதனா என்ற ஒன்றுமில்லாத விஷயத்தில்கூட, கடைசி வார்த்தை நம்முடையதாக இருந்தே தீர வேண்டும் என்று ஒரு தவிப்பு வருகிறதே, அதைத்தான் சொல்கிறேன்.

பிடிவாதக்காரரைப் பார்த்தால் 'தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்' என்று ஊரில் சொல்லிச் சிரிப்பார்கள். எனக்கு அந்தப் பழமொழியைக் கேட்டால் சிரிப்பு வராது. முயலுக்கு நாலு கால் என்று ஒத்துக்கொண்டால் தனக்கு என்ன நடந்துவிடும் என்று அந்த ஆள் பயப்படுகிறார்? அதை யாருமே அவரிடம் கேட்பதில்லை.

எல்லா வீட்டிலும்தான் வாக்குவாதம் நடக்கிறது. எனக்கு இருப்பது இதுதான் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் உடம்பைக் கவனியுங்கள். சாதாரண வாக்குவாதம் ஒரு டம்ளர் டீயோடு மறந்துபோகும். நமக்கோ காது சூடாகும், நெஞ்சு அடித்துக்கொள்ளும், குரல் தன்னால் ஏறும். பேச்சு முடிந்து இரவு படுத்த பிறகும் 'அவர் அப்படிச் சொன்னபோது நான் இப்படிக் கேட்டிருக்க வேண்டும்' என்று மனசுக்குள் வழக்கு நடந்துகொண்டே இருக்கும். ஆறு மாதத்துக்கு முந்தைய வாட்ஸ்அப் செய்தியைத் தேடி எடுத்து ஸ்கிரீன்ஷாட் வைத்திருப்போம். சாப்பாட்டு இலை முன்னால் உட்கார்ந்துகொண்டே போனில் தேடி, 'பாருங்க, நான் சொன்னதுதான்' என்று நீட்டுவோம்.

இன்னொரு அடையாளம் உண்டு. எதிரில் இருப்பவர் 'சரி, நீ சொல்றதுதான் சரி' என்று விட்டுக்கொடுத்த பிறகும் ஆறாது. மனசார ஒத்துக்கொண்டாரா, பேச்சுக்குச் சொன்னாரா என்று அவர் முகத்தையே பார்ப்போம். கல்யாணமான புதிதில் என் கணவர் ஒரு நாள் கேட்டார்: "நீ இப்ப என்கிட்ட பேசுறியா, ஒரு ஜட்ஜ்கிட்ட பேசுறியா?" அப்போது கோபம்தான் வந்தது. ஆனால் அவர் கேட்டது எத்தனை சரி என்று புரிய எனக்குப் பத்து வருஷம் ஆனது.

கஷ்டமான பெற்றோர் என்று யாரைச் சொல்கிறீர்கள்? குடித்துவிட்டு அடிப்பவர்களையா?

அவர்கள் மட்டும் இல்லை. என் அப்பா குடிக்கமாட்டார். அடித்தது மொத்தமாக நாலைந்து தடவை இருக்கும். ஃபீஸ் கட்டாமல் விட்டதில்லை, மழைக்காலத்தில் எங்களுக்கு ரப்பர் பூட்ஸ் இல்லாமல் இருந்ததில்லை. ஊரில் அவருக்கு நல்ல பெயர். ஆனால் வீட்டில் அவர் சொன்னது ஒருபோதும் தப்பாக இருக்க முடியாது. தப்பு என்று ஒன்று நடந்துவிட்டால் அதற்கு எங்களில் ஒருவர் காரணமாக இருந்தாக வேண்டும்.

1990-களின் நடுவில் அமெரிக்காவில் 17,000-க்கும் மேற்பட்டவர்களிடம் அவர்களுடைய குழந்தைப் பருவத்தைப் பற்றிக் கேட்டு ஒரு பெரிய ஆய்வு நடந்தது. அடி, பட்டினி இவற்றோடு, வீட்டுப் பெரியவர் அடிக்கடி திட்டியதையும் மட்டம் தட்டியதையும் அதில் பாதிப்பாகவே சேர்த்திருந்தார்கள். இதைப் படித்தபோது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. 'அடிக்கவே இல்லையே, அப்புறம் எதற்கு இன்னும் வலிக்கிறது' என்று அதுவரை என்னையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

அப்படி வளர்ந்ததற்கும் இந்தப் பழக்கத்துக்கும் என்ன தொடர்பு?

இதற்கு என்னிடம் நேரான பதில் ஒன்றுதான் இருக்கிறது. ஒரு ராத்திரி நடந்ததைச் சொல்கிறேன்.

அப்பா, குன்னூருக்கும் கேத்திக்கும் நடுவில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. கொழுந்து நிறுத்து எழுதுவது அவர் வேலை. மாலையில் பெண்கள் சாக்கைக் கொண்டுவந்து தராசில் மாட்டுவார்கள். முள் ஆடி நிற்கும். அப்பா அதை ஒரு நொடி பார்த்து, ஈரத்துக்கு, சாக்குக்கு என்று கழித்துவிட்டு, "பதினாறு" என்பார். எழுதிவிட்டால் எழுதியதுதான். ஒரு தடவை ஒரு அக்கா "முள்ளு பதினெட்டரைல நின்னுச்சுங்களே" என்று மெதுவாகச் சொன்னார். அப்பா தலையை நிமிர்த்தவே இல்லை. மறுநாள் அந்த அக்காவுக்குத் தோட்டத்தின் கடைக்கோடிச் சரிவு. அந்தத் தராசு எங்கள் வீட்டுக்குள்ளும் தொங்கிக்கொண்டிருந்தது என்றே எனக்கு ஞாபகம்.

நான் ஆறாம் வகுப்பு. டிசம்பர் மாதம், உறைபனி விழ ஆரம்பித்திருந்த சமயம். சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அப்பா, "1899-லயே ஊட்டிக்கு ரயில் வந்திடுச்சு" என்றார். அன்றைக்குத்தான் டீச்சர் அந்தப் பாடத்தை நடத்தியிருந்தார். எனக்குத் தெரிந்த ஒன்றை அப்பாவோடு பகிர்ந்துகொள்கிற சந்தோஷத்தில், "இல்லப்பா, 1899-ல குன்னூர் வரைக்கும்தான். ஊட்டிக்கு 1908-லதான்" என்றேன்.

அப்பா சோற்றிலிருந்து கையை எடுத்தார். "அப்ப நான் பொய் சொல்றேனா?"

1908 என்பது ஒரு வருஷம், அவ்வளவுதான். அது எப்படி அப்பாவைப் பொய்யராக்கும் என்று எனக்கு விளங்கவில்லை. வெளியே திண்ணையில் நிற்கச் சொன்னார். கால் மாற்றி மாற்றி நின்றேன். வாசல் விளக்கு வெளிச்சத்தில் புல் வெள்ளையாகிக்கொண்டே வந்தது. ஜன்னலுக்குப் பின்னால் அம்மா உதட்டை அசைத்து 'ஒத்துக்கோ, ஒத்துக்கோ' என்றார். கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை கதவுக்கு உள்ளேயிருந்து "எந்த வருஷம்?" என்று குரல் வரும். இரண்டு தடவை 1908 என்றேன். மூன்றாவது தடவை 1899 என்றேன். "போய்ச் சாப்பிடு" என்றார். சோறு விறைத்துப் போயிருந்தது.

அதோடு முடிந்திருந்தால்கூட மறந்திருப்பேன். அடுத்த வாரம் டீச்சரிடம் எழுதி வாங்கிக்கொண்டு வந்து அப்பாவிடம் காட்டினேன். பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "நான் எப்ப ஊட்டின்னு சொன்னேன்? குன்னூர்னுதான் சொன்னேன்." அம்மாவைப் பார்த்தேன். அம்மா அடுப்பைப் பார்த்தார். தம்பி தட்டைப் பார்த்தான்.

தொடர்பு கேட்டீர்களே, அது இங்கேதான் இருக்கிறது. தப்பாக இருப்பது அந்த வீட்டில் திருத்திக்கொள்கிற விஷயமாக இல்லை, தண்டனையாக இருந்தது. சரியாக இருந்தாலும் பிரயோஜனமில்லை, கையில் சாட்சி வேண்டும். அன்றிலிருந்து அப்பா தூக்கிப் போட்ட பழைய எடைத் தாள்களின் பின்பக்கத்தில் தேதி போட்டு எழுத ஆரம்பித்தேன்: இன்றைக்கு அப்பா என்ன சொன்னார், யார் பக்கத்தில் இருந்தார்கள். பதினோரு வயதில் நான் எழுதி வைத்த சாட்சியக் கட்டு அது. அப்பாவைத் தோற்கடிக்கவேண்டும் என்று எழுதவில்லை. எனக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை, நான் கேட்டது கேட்டதுதான் என்று எனக்கே சொல்லிக்கொள்ள எழுதினேன். இன்றைக்கு ஸ்கிரீன்ஷாட் எடுக்கிற கை அந்தக் கைதான்.

எல்லாப் பெற்றோரும்தான் சில நேரம் கத்துகிறார்கள். எல்லாப் பிள்ளையும் இப்படி ஆகிவிடுவதில்லையே?

இல்லை. சண்டை வராத வீடு கிடையாது. சண்டைக்கு அப்புறம் என்ன நடக்கிறது என்பதில்தான் வித்தியாசம்.

1970-களில் எட்வர்ட் ட்ரோனிக் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு சோதனை செய்தார். தாய் கைக்குழந்தையோடு கொஞ்சி விளையாட வேண்டும். பிறகு கொஞ்ச நேரம் முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டு குழந்தையைப் பார்த்தபடியே இருக்க வேண்டும். குழந்தை சிரித்துப் பார்க்கும், கையை நீட்டும், கத்தும். எதற்கும் அந்த முகம் அசையாது என்று தெரிந்ததும் திரும்பிக்கொள்ளும். பிறகு தாய் பழையபடி சிரிக்க ஆரம்பிப்பார், குழந்தை கொஞ்சம் கொஞ்சமாகத் தேறும். ட்ரோனிக் திரும்பத் திரும்பச் சொன்னது இந்தக் கடைசிப் பகுதியைத்தான். தாயும் பிள்ளையும் எல்லா நேரமும் ஒத்துப்போவதில்லை. விலகுவதும் திரும்பிச் சேருவதுமாகத்தான் குழந்தை வளர்கிறது.

எங்கள் வீட்டில் திரும்பிச் சேரும் பகுதிதான் இல்லை. அப்பா அப்புறமாக வந்து தலையைத் தடவி, 'ஆமாம் புள்ள, நீ சொன்னதுதான் சரி, எனக்குக் கோபம் வந்துடுச்சு' என்று ஒரே ஒரு தடவை சொல்லியிருந்தால், தப்பாக இருந்தாலும் உறவு அறுந்துவிடாது என்று நான் கற்றுக்கொண்டிருப்பேன்.

ஒரே வீட்டில்தான் வளர்ந்தோம். என் தம்பி யாரிடமும் வாதாடுவதே இல்லை. அவனுக்கு மட்டும் பாதிப்பில்லையா?

கேட்டுப் பாருங்கள். என் தம்பியும் வாதாடமாட்டான். கடையில் மிச்சச் சில்லறை குறைவாகக் கொடுத்தால்கூடக் கேட்கமாட்டான். கேரன் ஹார்னி என்ற மனநல மருத்துவர் 1945-லேயே இதை எழுதியிருக்கிறார்: பயத்தில் வளரும் பிள்ளை மனிதர்களோடு ஒட்டிக்கொண்டு பிழைக்கலாம், எதிர்த்து நின்று பிழைக்கலாம், ஒதுங்கிப் போய்ப் பிழைக்கலாம். தம்பி ஒட்டிக்கொண்டான், நான் எதிர்த்து நின்றேன். மழை ஒன்றுதான். அவன் குடைக்குள் போனான், நான் கூரை கட்டினேன்.

பெற்றவர்களைப் பற்றி இப்படிப் பேசலாமா? அவர்களும் எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பார்கள்?

இந்தக் கேள்வியை அநேகமாக எல்லோரும் கேட்கிறார்கள், குரலைத் தாழ்த்திக்கொண்டு. நானும் பல வருஷம் எனக்குள் கேட்டிருக்கிறேன்.

கஷ்டப்பட்டார், உண்மை. 1964-ல் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில், இலங்கைத் தோட்டங்களில் வாழ்ந்த மலையகத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது என்று முடிவானது. தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களை ஒரு எண்ணாகப் பிரித்தார்கள். அப்பா அப்படி வந்தவர்களில் ஒருவர், அப்போது பதினைந்து வயது. கப்பலேறி, மண்டபம் முகாமில் தங்கி, மேட்டுப்பாளையம் வந்து மலை ரயில் ஏறியிருக்கிறார்கள். நீலகிரியில் தாயகம் திரும்பியவர்களின் குடும்பம் எதை எடுத்துக்கொண்டாலும் ஒரு தகரப் பெட்டி இருக்கும், அதில் காகிதங்கள் இருக்கும். எங்கள் தாத்தா அந்தப் பெட்டியைத் தலைமாட்டில் வைத்துத்தான் தூங்குவாராம். காகிதத்தில் பெயர் ஒரு எழுத்து மாறினால், பிறந்த வருஷம் ஒன்று தள்ளிப் போனால், குடும்பம் எங்கே போகும் என்று தெரியாது. தப்பே வரக் கூடாது என்ற பயம் அந்தப் பெட்டியிலிருந்துதான் அப்பாவுக்கு வந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

இதைப் புரிந்துகொண்டதில் எனக்கு அப்பா மேல் இருந்த கோபம் பாதி இறங்கியது. ஆனால் பனியில் நின்ற பிள்ளையின் கால் விறைத்ததும் உண்மை. ஒன்று காரணம், மற்றொன்று நடந்தது. காரணம் தெரிந்துவிட்டது என்பதற்காக நடந்ததை நடக்கவில்லை என்று சொல்ல வேண்டியதில்லை. அப்பாவை மதிக்கிறேன், மாத்திரை வாங்கிக் கொடுக்கிறேன், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறேன். அவர் செய்ததில் எது தப்பு என்றும் சொல்கிறேன். இரண்டும் ஒரே மகள்தான்.

என் கணவர் அச்சு அசல் நீங்கள் சொல்வது போலத்தான். நான் என்ன செய்வது?

ஒன்றை மட்டும் சொல்லிவிடாதீர்கள்: 'நீங்க உங்கப்பா மாதிரியே பேசுறீங்க.' அது உண்மையாகவே இருக்கட்டும். அந்த நொடியில் அது கத்தி.

சூடாக இருக்கும்போது விவரத்தைப் பற்றி வாதாடாதீர்கள். 'நீங்க சொன்னது எனக்குக் கேட்டுச்சு, அப்புறம் பேசலாம்' என்பது எங்களுக்குப் பெரிய மருந்து. நாங்கள் பாதி நேரம் சத்தம் போடுவது, சொன்னது யாருக்கும் கேட்கவில்லை என்ற பழைய பயத்தில்தான். அவர் சொன்னதில் எந்தப் பகுதி சரியோ அதை முதலில் ஒத்துக்கொண்டால், மீதியைக் கேட்க அவருக்கும் கொஞ்சம் இடம் கிடைக்கும். அதற்காக நடந்ததை நடக்கவில்லை என்று நீங்கள் சொல்லிவிட வேண்டாம். ஜன்னலுக்குப் பின்னால் நின்ற என் அம்மாவின் வேலையை உங்களுக்குக் கொடுக்க எனக்கு மனசில்லை. அவர் உங்களை மட்டம் தட்டுகிறார், பயமுறுத்துகிறார் என்றால் அது வேறு பேச்சு. அங்கே பொறுத்துக்கொள்ளச் சொல்லமாட்டேன். நம்பிக்கையான பெரியவர் ஒருவரிடமோ ஆலோசகரிடமோ உடனே சொல்லுங்கள்.

நான் உண்மையிலேயே சரியாக இருக்கும்போதும் விட்டுக்கொடுக்க வேண்டுமா?

வேண்டாம். போன வருஷம் குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது மச்சினர், பெட்ரோல் மிச்சம் என்று வண்டியை நியூட்ரலில் விட்டார். கொண்டை ஊசி வளைவுகள் உள்ள இறக்கம், பின் சீட்டில் பிள்ளைகள். பிரேக் சூடேறினால் பிடிக்காது, இரண்டாவது கியரில்தான் இறங்க வேண்டும் என்று சொன்னேன். அவருக்கு முகம் மாறியது. மறுபடியும் சொன்னேன். வண்டியை ஓரம் கட்டச் சொன்னேன். மறுபடி நடந்தாலும் அதையேதான் செய்வேன்.

அவர் கியர் போட்டதும் பேச்சை நிறுத்தினேன். பத்து வருஷத்துக்கு முந்தைய நானாக இருந்தால் மேட்டுப்பாளையம் வரைக்கும் விட்டிருக்கமாட்டேன். 'இப்ப ஒத்துக்கிறீங்களா?' என்று அவர் வாயால் வரவைத்திருப்பேன். வண்டி பத்திரமாக இறங்க வேண்டும் என்பது தேவை. அவர் ஒத்துக்கொள்ள வேண்டும் என்பது பழைய திண்ணையில் நிற்கிற பிள்ளையின் தேவை. மச்சினரால் அதைக் கொடுக்க முடியாது.

சரி, நடைமுறையில் என்னதான் செய்வது?

எனக்கு உதவியதைச் சொல்கிறேன். உங்களுக்கு வேறு ஏதாவது உதவலாம்.

முதலில், நாக்கில் பழக்கிக்கொண்ட ஒரு சொல்: 'இருக்கலாம்.' ஒத்துக்கொண்டதாகவும் இல்லை, மறுத்ததாகவும் இல்லை. அதைச் சொல்லும்போது காது சூடாவது எனக்கு இன்னும் தெரியும். சூடாகட்டும் என்று கொஞ்ச நேரம் விட்டுவிட்டால் தானாகவே தணிந்துவிடுகிறது. அந்த நேரத்தில் போனைத் தொடுவதில்லை என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். தேட வேண்டுமென்றால் மறுநாள் காலையில் தேடலாம். பெரும்பாலும் மறுநாள் தேடத் தோன்றாது.

அப்புறம், சின்னத் தப்புகளை வாய்விட்டுச் சொல்லிப் பழகினேன். வகுப்பில் ஒரு நாள் கரும்பலகையில் ஏழு எட்டு ஐம்பத்து நாலு என்று எழுதிவிட்டேன். கடைசி பெஞ்சில் ஒரு பெண் கையைத் தூக்கி, பாதியில் இறக்கிக்கொண்டாள். அந்தக் கை இறங்கியதைப் பார்த்தபோது எனக்குள் ஏதோ உடைந்தது. "என்னம்மா, சொல்லு" என்றேன். "மிஸ், ஐம்பத்தாறு" என்றாள், குரலே வரவில்லை. "ஆமா, நான் தப்பா எழுதிட்டேன், நீ சொன்னதுதான் சரி" என்று அழித்து எழுதினேன். வகுப்பே என்னைப் பார்த்தது. எதுவும் நடக்கவில்லை. மணி அடித்தது, பிள்ளைகள் சத்துணவுக்கு ஓடினார்கள். தப்பு செய்தேன், எதுவும் நடக்கவில்லை என்பதை என் உடம்புக்கு இப்படித்தான் நூறு தடவை காட்ட வேண்டியிருந்தது.

நம் மலை ரயிலைப் பார்த்திருப்பீர்கள். கல்லாறிலிருந்து குன்னூர் வரைக்கும்தான் நடுவில் பல் தண்டவாளம். செங்குத்தான ஏற்றம், பல்சக்கரம் ஒவ்வொரு பல்லாகக் கவ்விப் பிடிக்காவிட்டால் வண்டி பின்னால் வழுக்கிவிடும். குன்னூருக்கு மேலே அது தேவைப்படுவதில்லை. சின்ன வயதில் ஒரு அங்குலம்கூட விட்டுக்கொடுக்காமல் கவ்விப் பிடித்தது நம் தப்பில்லை, அந்த ஏற்றம் அப்படி. இப்போது எந்த இடத்தில் இருக்கிறோம் என்று எட்டிப் பார்த்துக்கொண்டால் போதும்.

மன்னிப்புக் கேட்க வாயே வரமாட்டேன் என்கிறது.

வராது. நம் வீடுகளில் 'என்னை மன்னிச்சிடு' என்பது சினிமா வசனம் போலத்தான் ஒலிக்கும். அதனால் சண்டைக்கு அப்புறம் டீ போட்டு நீட்டுவதோடு முடித்துக்கொள்கிறோம். டீ நல்லதுதான், ஆனால் போதாது. எது தப்பு என்று பெயர் சொல்ல வேண்டும். "காலைல உன்னைப் பேச விடல, அது தப்பு." இவ்வளவுதான். 'ஆனா நீயும்' என்று சேர்த்துவிட்டால் சொன்னது பாழ்.

இது என் பிள்ளைக்கும் வந்துவிடுமோ?

என் மகள் எட்டாம் வகுப்பு. போன மாதம் தண்ணீர் பாட்டிலைத் தொலைத்துவிட்டாள் என்று திட்டினேன். "நான் பைக்குள்ளதான் வெச்சேன்மா" என்றாள். "வைக்கல" என்றேன், மூன்று தடவை. பாட்டில் என் ஸ்கூட்டியில் இருந்தது, நானே எடுத்து வைத்திருக்கிறேன். வாசலில் பாட்டிலோடு நின்றபோது என் மனசு முதலில் தேடியது சாக்கைத்தான்: 'பைக்குள்ள வெச்சிருந்தா எதுக்கு வெளியே வரும்?' அந்த வாக்கியம் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அது யாருடைய குரல் என்று தெரிந்ததால் விழுங்கிவிட்டேன். அவள் அறைக்குப் போய், "நீ வெச்சது சரிதான். நான்தான் எடுத்தேன். நீ சொன்னதை நம்பாம விட்டேன், அது தப்பு" என்றேன். அவள் "சரிம்மா" என்று சொல்லிவிட்டுப் படம் வரைவதைத் தொடர்ந்தாள்.

திட்டாமல் வளர்க்க என்னால் முடியவில்லை. திரும்பிப் போய்ச் சொல்ல முடிகிறது.

அப்பாவை ஒரே ஒரு தடவையாவது ஒத்துக்கொள்ள வைத்தால் மனசு ஆறும் என்று தோன்றுகிறது. பேசிப் பார்க்கலாமா?

பேச வேண்டும் என்றால் பேசுங்கள். ஒத்துக்கொள்வார் என்ற நம்பிக்கையோடு போகாதீர்கள். எனக்கு முப்பத்தெட்டு வயதில் அப்பாவிடம் திண்ணையைப் பற்றிக் கேட்டேன். "நான் எப்ப உன்னை வெளிய நிக்க வெச்சேன்?" என்றார். நடிக்கவில்லை. நிஜமாகவே அவர் ஞாபகத்தில் அது இல்லை. அவருக்கு அது ஒரு சாதாரண ராத்திரி.

வீட்டுக்கு வந்து நிறைய அழுதேன். இருபத்தேழு வருஷமாக ஒரு நீதிமன்ற வாசலில் காத்திருந்தேன், உள்ளே நீதிபதியே இல்லை. கணவர், மச்சினர், தலைமை ஆசிரியர் என்று எதிரில் வந்த ஒவ்வொருவரிடமும் அந்தத் தீர்ப்பைத்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். அன்றைக்கு ராத்திரி தம்பிக்குப் போன் செய்து கேட்டேன், "உனக்கு ஞாபகம் இருக்காடா?" கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சொன்னான்: "நீ பச்சை ஸ்வெட்டர் போட்டிருந்தக்கா." அது போதுமாக இருந்தது.

யாரிடம் உதவி கேட்பது? பைத்தியம் என்று நினைத்துவிடமாட்டார்களா?

14416. டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், 2022-ல் தொடங்கியது. கட்டணம் இல்லை, இரவும் பகலும் உண்டு, தமிழில் பேசலாம். தமிழக அரசின் 104 எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும். நேரில் பார்க்க, மாவட்ட மனநலத் திட்டத்தில் அரசு மருத்துவமனைகளில் மருத்துவர்கள் இருக்கிறார்கள். நான் ஒன்றரை வருஷம் ஆலோசகர் ஒருவரிடம் போனேன். மலையில் இருந்துகொண்டு மாதம் இரண்டு தடவை கோயம்புத்தூர் இறங்கி ஏறுவது லேசான காரியமில்லை. பாதி சந்திப்புகள் போனில்தான். பக்கத்து வீட்டில் என்ன நினைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது.

உங்களுக்கு இது முழுதாகப் போய்விட்டதா?

இல்லை. ஆனால் இந்தக் கோடையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

அப்பாவையும் மகளையும் கூட்டிக்கொண்டு குன்னூரிலிருந்து ஊட்டிக்கு ரயிலில் போனேன். மகள் ஜன்னல் ஓரம், தாத்தா பக்கத்தில். வண்டி கிளம்புவதற்குள் அப்பா ஆரம்பித்துவிட்டார். "1899-லயே ஊட்டிக்கு ரயில் வந்திடுச்சு தெரியுமா?" மகள் திரும்பி என்னைப் பார்த்தாள். அவளுக்கு 1908 தெரியும். எனக்குக் காது சூடானது. முப்பது வருஷமாக அப்பா இந்தப் பேச்சை எடுத்த போதெல்லாம் நான் அந்த இடத்திலேயே மறித்திருக்கிறேன். அவர் எழுந்து போய்விடுவார், பேச்சு அதோடு நின்றுவிடும்.

இந்தத் தடவை, "யாருப்பா உங்களுக்கு அதைச் சொன்னது?" என்று கேட்டேன்.

"ரயில்ல பக்கத்துல உக்கார்ந்திருந்த ஒரு பெரியவர்தான். நாங்க முதமுதல்ல வந்தப்ப. இந்த ஊரைப் பத்தி ஒருத்தர் என்கிட்ட சொன்ன முதல் விஷயம் அதுதான்."

குன்னூர் ஸ்டேஷனிலிருந்து ஊட்டிப் பாதையைப் பிடிக்க வண்டி கொஞ்ச தூரம் பின்னால் போக வேண்டும். ஒரு காலத்தில் தண்டவாளம் அங்கேயே முடிந்துவிட்டதால் வந்த அமைப்பு அது. நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே வண்டி பின்னால் நகர ஆரம்பித்தது. அப்பா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"இங்கதான்," என்றார். "வண்டி இப்படிப் பின்னால போனதும் எங்கம்மா மூட்டையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டாங்க. திருப்பி அனுப்புறாங்கடா, காகிதத்துல ஏதோ தப்பாயிடுச்சுன்னு சொல்லி அழுதாங்க. அப்பா பெட்டியைத் திறந்து ஒவ்வொரு காகிதமா எடுத்துப் பார்த்தாரு. வண்டி நின்னு, மறுபடி முன்னால போற வரைக்கும் பார்த்துக்கிட்டே இருந்தாரு."

மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்புறம் தாத்தா?" என்றாள்.